முனாஸின் அமெரிக்க ழகரம்

ஏறாவூர்ச் சந்தைக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில் முனாஸ் ஒரு லோன்றி வைத்திருக்கிறான். இரண்டு பழைய மெஷின், ஒரு நீள மேசை, இரண்டு அயன். கல்யாண வீட்டுச் சேர்ட், அபாயா, பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை, வங்கியில் வேலை செய்கிறவர்களின் காற்சட்டை எல்லாம் அங்கே வரும். நாற்பத்தொன்பது வயதாகிறது. அதிகம் கதைக்க மாட்டான். அவனுக்கு அமெரிக்கன் இங்கிலிஷ் வரும் என்பதே ஊருக்குத் தெரியவர நாலு வருஷம் எடுத்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முப்பத்திரண்டு வயது வரை வாப்பாவோடு வாவியில் இறால் வலை போட்டான். பிறகு 2008இல், மனைவி சபீனாவையும் நாலு வயது மகள் ரிப்காவையும் விட்டுவிட்டு குவைத்துக்குப் போனான். ஹோட்டல் லோன்றி என்று சொல்லித்தான் ஏஜென்சிக்காரன் அனுப்பினான். போய்ப் பார்த்தால் அது பாலைவனத்துக்கு நடுவில் ஒரு அமெரிக்க இராணுவ முகாம். ஈராக்குக்குப் போகிற சிப்பாய்களும் ஈராக்கிலிருந்து வருகிற சிப்பாய்களும் அங்கே தங்குவார்கள். அவர்களுடைய உடுப்பை எண்ணி வாங்கி, துண்டு எழுதிக் கொடுத்து, மூன்றாம் நாள் திருப்பிக் கொடுப்பதுதான் வேலை. முதல் மாதமே அவனை முன் கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள்.

முதல் நாள் ஒரு சிப்பாய் பையைத் தூக்கி வைத்துவிட்டு, "ஹாயா டூயின்" என்று சுகம் விசாரித்தான். பெயர் கேட்கிறான் என்று நினைத்து, "முனாஸ்" என்றான் இவன். பக்கத்தில் நின்ற நேபாளக்காரன் சிரித்தான். அன்றைக்கு இரவு படுக்கையில் கிடந்து முனாஸ் யோசித்தது ஒரே விஷயத்தைத்தான். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலிஷில் அவனுக்குக் கொஞ்சம் சொல் தெரியும். ஆனால் அவனுக்குத் தெரிந்த ஒரு சொல்லைக்கூட அன்று முழுவதும் ஒருத்தனும் சொல்லவில்லை.

பிறகுதான் விளங்கியது, அவர்கள் அதே சொற்களைத்தான் சொல்லுகிறார்கள் என்று. வாயில் வருகிற விதம் வேறு. முனாஸ் சீ.ஆர் கொப்பி என்கிற தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினான். இங்கிலிஷில் அவனுக்குத் தனித்தனியாக எழுதிய கட்டை எழுத்தும் இலக்கமும் மட்டும்தான் வாசிக்கத் தெரியும், அதுவும் பையில் கட்டியிருக்கிற அட்டையைப் பார்த்துப் பழகியது. அதனால் காதில் விழுந்ததைத் தமிழில் எழுதினான். இடது பக்கம் ஊரில் சொல்லுகிற மாதிரி, வலது பக்கம் அவர்கள் சொல்லுகிற மாதிரி. ட்வென்ட்டி, ட்வெனி. லோன்றி, லான்ரி. வோண்ட் டு, வானா. வோட்டர் என்ற சொல்லுக்கு வலது பக்கம் என்ன எழுதுவது என்று இரண்டு நாள் இழுபட்டது. நடுவில் டகரம் இல்லை, ரகரம் மாதிரி ஒன்று தட்டிவிட்டுப் போகிறது. கடைசியில் வருகிற ரகரமோ ரகரமே இல்லை. நாக்கு மேலே எழும்பி, ஓரிடத்திலும் முட்டாமல் சுருண்டு நிற்கிறது.

அது ழகரம் என்று அவனுக்குப் பட்டது ஒரு வெள்ளிக்கிழமை. சின்ன வயதில் குர்ஆன் மத்ரஸாவில் ஓதுகிற காலத்தில், எந்த எழுத்து தொண்டையில் எங்கே பிறக்கிறது, எந்த எழுத்துக்கு நாக்கின் எந்தப் பக்கம் பல்லில் படவேண்டும் என்று லெப்பை ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் பார்த்துப் பார்த்துத் திருத்துவார். அதிலே முனாஸ் கெட்டிக்காரன். பள்ளிக்கூடத்தில் தமிழ்ச் சேர், 'பழம்' என்பதைப் 'பளம்' என்று சொல்லாதே என்று அடித்தும் வராத ழகரம், குவைத்தில் அமெரிக்கனுக்காக வாயில் வந்து உட்கார்ந்தது. 'வாரழ்' என்று எழுதினான். சேர்ட்டுக்கு 'ஷழ்ட்'. சார்ஜன்டுக்கு 'சாழ்ஜன்ட்'. அந்த ஒரு எழுத்து பிடிபட்டபிறகு மற்றது எல்லாம் மெல்ல மெல்ல வந்தது.

உடுப்பு மடிக்கிறபோது தனக்குள் சொல்லிக்கொண்டே மடிப்பான். பங்களாதேஷ்காரர்கள் அவனைப் பைத்தியம் என்றார்கள். தான் சரியாகச் சொல்லுகிறேனா என்று அறிய அவனிடம் ஒரேயொரு அளவுகோல்தான் இருந்தது. பிழையாகச் சொன்னால் சிப்பாய் தலையைத் தூக்கி முகத்தைப் பார்ப்பான். சரியாகச் சொன்னால் குனிந்தபடியே பதில் சொல்லுவான். மூன்றாம் வருஷம் ஒரு நாள், கவுண்டரில் சாய்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவன் தன்னுடைய பை எப்போது வரும் என்று கேட்டான். முனாஸ் சொன்னான். இன்னொன்று கேட்டான். அதற்கும் சொன்னான். கடைசியில் துண்டை வாங்கத் தலையை நிமிர்த்தியவன், முனாஸைத் தாண்டிப் பின்னால் பார்த்தான், கதைத்த ஆள் எங்கே என்று.

அந்தக் கவுண்டரில் இன்னும் இரண்டு பழக்கம் அவனுக்குத் தொற்றியது. ஒன்று, பெயரை எழுத்துக்கூட்டுகிற முறை. சத்தத்துக்குள் எழுத்து மாறிப்போகக் கூடாது என்று சிப்பாய்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் வைத்திருப்பார்கள். ஏ என்றால் அல்ஃபா, கே என்றால் கிலோ, எம் என்றால் மைக். இருபத்தாறும் அவனுக்குப் பாடம். மற்றது, பை காணாமல் போனால் சொல்லுகிற பதில். "வீழ் வழ்கின் ஒன் இட்." அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். யாரும் எதையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கோபமாக வந்தவனைத் திருப்பி அனுப்ப மேலாளர் சொல்லிக்கொடுத்த பேச்சு அது. அவர்கள் உச்சரிப்பிலேயே அதைச் சொன்னால் பெரும்பாலும் போய்விடுவார்கள்.

பதினொரு வருஷம் இருந்துவிட்டு 2019 முடிவில் ஊருக்கு வந்தான். வந்த இடத்தில் அந்த இங்கிலிஷுக்கு வேலை இருக்கவில்லை. ஒரு நாள் வீட்டில் எதற்கோ, 'இல்லை' என்பதைச் சிப்பாய்கள் மாதிரி 'எயின்ட்' என்று சொன்னபோது, அப்போது பதினைந்து வயதான ரிப்கா முகத்தைச் சுளித்தாள்.

"வாப்பா, 'எயின்ட்' எண்டு ஒரு சொல் இல்ல. ஸ்கூல்ல சொன்னா மார்க்ஸ் வெட்டுவாங்க."

"அவனுகள் சொல்றானுகளே."

"அவங்களுக்கும் வெட்டணும்."

பிறகு அவள் உயர்தரப் பரீட்சை எழுதி, மட்டக்களப்பு டவுனில் ஆங்கில டிப்ளோமாவுக்குச் சேர்ந்தாள். அவளுக்கு இலக்கணம் சுத்தமாக வரும், கடிதம் எழுதுவாள். தகப்பனும் மகளும் ஒருநாளும் இங்கிலிஷில் கதைத்துக்கொண்டதில்லை.

ஊருக்கு விஷயம் தெரியவந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணால். ஏதோ தொண்டு நிறுவனத்தின் வேலையாக வந்தவள், மழையில் நனைந்த உடுப்பை முனாஸின் கடையில் கொடுத்தாள். இரண்டு நிமிஷம் கதைத்தபிறகு, அமெரிக்காவில் எந்தப் பக்கம் இருந்தீர்கள், டெனசியா, ஜோர்ஜியாவா என்று கேட்டாள். இவன் இல்லை என்று சொல்ல அவள் நம்பவில்லை. எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற அசனார் இதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அடுத்த நாளிலிருந்து சந்தை முழுவதும் அவனை 'அமெரிக்கன்' என்றே கூப்பிட்டது. அமெரிக்கனிட்ட சாரம் குடுத்திட்டு வாறன், அமெரிக்கன் கடை பூட்டிப்போட்டான், இப்படி. முனாஸ் அதற்குக் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

கிரானிலிருந்து ஆச்சிப்பிள்ளை வந்தது 2024ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில்.

ஆச்சிப்பிள்ளை வெள்ளரிக்காயும் பூசணியும் கொண்டுவந்து ஏறாவூர்ச் சந்தையில் விற்பவள். வயது அறுபதை ஒட்டி. புருஷன் கோணாமலைக்கு வட்டையில் கொஞ்சம் வயல் உண்டு. மழை வந்தால் அவள் தன்னுடைய கூடைகளை முனாஸின் கடை வாசலில் ஒதுக்கி வைப்பாள், அந்த அளவுக்குப் பழக்கம். அன்று கூடை இல்லாமல் வந்தாள். கோணாமலை மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல் வெளியே நின்றார்.

"தம்பி, நீங்க அமெரிக்கன்காரனோட கதைப்பீங்களாம்."

"முந்தி கதைச்ச அக்கா. இப்ப ஆரோட கதைக்க?"

அவளுடைய கடைசி மகன் பிரதீஸ் தை மாதம் அமெரிக்காவுக்கு என்று வெளிக்கிட்டவன். துபாய், பிரேசில் என்று போய், காடுகளும் நாடுகளும் தாண்டி, மெக்சிகோ எல்லையிலிருந்து ஒரு வொய்ஸ் அனுப்பியிருந்தான். நாளைக்கு அந்தப் பக்கம் போறன் அம்மா, கவலைப்படாதீங்க. அதோடு சத்தமில்லை. ஆறு கிழமையாகிவிட்டது. அனுப்பிய ஏஜென்சிக்காரனின் போன் வேலை செய்யவில்லை. கூடப் போன ஒரு பொடியனின் வீட்டுக்கு மட்டும், பிடித்துத் தடுப்பில் வைத்திருக்கிறார்கள் என்று தகவல் வந்திருக்கிறது. பிரதீஸ் அவனோடு இல்லையாம்.

"உசிரோட இரிக்கானா எண்டு மட்டும் கேட்டுச் சொன்னாப் போதும் தம்பி."

முனாஸ் அயனை நிமிர்த்தி வைத்தான். "என்ட இங்கிலிஷ் உடுப்புக் கழுவுற இங்கிலிஷ் அக்கா. இது ஆபீஸ் விஷயம். என்ட மகள் படிச்சவ, அவ கதைப்பா."

அன்றைக்கே ரிப்கா இணையத்தில் தேடினாள். பிடிபட்டவர்களைத் தேடுவதற்கு ஒரு பக்கம் இருந்தது, ஆனால் அதிலே பெயர் ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்கவேண்டும். பிரதீஸின் பாஸ்போட் பிரதியைப் பார்த்து எழுதினாள். ஆள் இல்லை என்று வந்தது. அமெரிக்காவின் தெற்கில் உள்ள தடுப்பு நிலையங்களின் தொலைபேசி இலக்கங்களை எல்லாம் ஒரு தாளில் எடுத்தாள். அங்கே விடிந்து ஆபீஸ் திறக்கிற நேரம் இங்கே மஃரிப் என்கிற அந்தித் தொழுகை முடிந்திருக்கும். கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, போனை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு அவள் ஒவ்வொன்றாக அடித்தாள்.

அவள் கதைத்தது நல்ல இங்கிலிஷ். தயவுசெய்து என்றும், நன்றியுள்ளவளாக இருப்பேன் என்றும் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தாள். முதல் இடத்தில் விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றார்கள். மறுபடி சொன்னாள். மூன்றாம் தரம் வைத்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் மெஷின் கதைத்தது, அதுவும் விளங்கவில்லை என்றது. இரண்டு நாள் இப்படியே போனது. இரண்டாம் நாள் முடிவில் ரிப்கா தாளை மடித்துவிட்டு, தகப்பனைப் பார்க்காமல் சொன்னாள்.

"வாப்பா, நாளைக்கு நீங்க கதைங்க. என்னத்தக் கேக்கணும் எண்டு நான் எழுதித் தாறன்."

"எனக்கு வாசிக்கத் தெரியாதே."

"தமிழ்ல எழுதித் தாறன்."

மூன்றாம் நாள் ஆச்சிப்பிள்ளை வரவில்லை, கோணாமலைக்குக் காய்ச்சல். தகப்பனும் மகளும் மட்டும் மேசையில் இருந்தார்கள். முதல் இரண்டு இடங்களிலும் முனாஸைக் கடைசிவரை கேட்டார்கள். தேடிப்பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். மூன்றாவதாக அடித்தது லூசியானாவில் ஒரு நிலையம். எடுத்த ஆளின் குரல் நடுவயதுக் குரல், மெல்ல இழுத்து இழுத்துப் பேசுகிற தெற்கத்தி ஆள். முனாஸுக்கு அந்த இழுவை நன்றாகத் தெரியும். கவுண்டரில் அப்படிப் பேசுகிறவர்களிடம்தான் அவன் அதிகம் கற்றது.

கைதியின் இலக்கம் என்ன என்று கேட்டார். இலக்கம் இல்லை, பெயர்தான் இருக்கிறது என்றான் முனாஸ். எழுத்துக்கூட்டச் சொன்னார்.

"கிலோ, ஒஸ்கழ், நவெம்பழ், அல்ஃபா," என்று கோணாமலை என்ற தகப்பன் பெயரை முனாஸ் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனான். "மைக், அல்ஃபா, லீமா, அல்ஃபா, இந்தியா."

மறுபக்கத்தில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. அந்தக் குடும்பப் பெயரில் ஒருவரும் இல்லை என்றார். ரிப்கா ஒரு தாளைத் தள்ளினாள்: 'பெயரை மாத்திப் போடச் சொல்லுங்க, வாப்பாட பெயரைத்தான் இவன்ட பெயர் எண்டு பதிஞ்சிருப்பாங்க.' முனாஸ் அதை அவர்கள் பாணியில் கேட்டான். திருப்பிப் போட்டுப் பாருங்கள், இந்த ஆட்களின் பெயர் எப்போதும் தலைகீழாய்த்தான் பதியப்படும் என்றான். 'எங்கள் ஆட்கள்' என்று சொல்ல நினைத்தது, 'இந்த ஆட்கள்' என்று வாயில் வந்தது. அதை அவன் அப்போது கவனிக்கவில்லை.

மறுபடியும் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு அந்த மனிதர், கோணாமலை என்று முதல் பெயர் உள்ள ஒருவன் இருக்கிறான், இரண்டாவது பெயரில் ஒரு எழுத்துக் குறைகிறது என்றார். பிறந்த திகதி கேட்டார். முனாஸ் சொன்னான். அதேதான். ரிப்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதெல்லாம் போனில் சொல்லக்கூடாது," என்றார் அவர். பிறகு, "நீங்க ஆழ்மியா?" என்று கேட்டார்.

கேள்வி முனாஸுக்கு நன்றாக விளங்கியது. எழுத்துக்கூட்டிய விதத்தை வைத்துக் கேட்கிறார். ஆம் என்றால் பொய். இல்லை என்றால் இந்த ஆள் வைத்துவிடலாம். அவன் சொன்னது இதுதான்: "பதினொரு வருஷம் குவைத்தில் இருந்தேன், சேர்." முகாமின் பெயரையும் சொன்னான்.

அந்த மனிதர் குரலை மாற்றி, உங்கள் சேவைக்கு நன்றி என்றார். ஊருக்குத் திரும்புகிற சிப்பாய்களுக்கு அங்கே எல்லோரும் சொல்லுகிற வார்த்தை அது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று அது வேறு ஆட்களுக்குச் சொல்லப்படுவதை முனாஸ் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறான். பதிலாகச் சிப்பாய்கள், உங்கள் ஆதரவுக்கு நன்றி என்று சொல்லுவார்கள் என்பதும் தெரியும். அவனும் அதையே சொன்னான்.

பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. கைதியின் இலக்கம், வழக்கு நாள், தாய் எப்படிப் போனில் கதைக்கலாம் என்கிற விபரம் எல்லாம் கொடுத்தார். முனாஸ் சொல்லச் சொல்ல ரிப்கா எழுதினாள். கடைசியில், அவனுக்கு ஏதும் சொல்லவேண்டுமா, நான் போய்ச் சொல்லுகிறேன் என்று கேட்டார். முனாஸ் இதற்குத் தயாராக இருக்கவில்லை. தாளிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"அவனுடைய ஆட்களுக்கு அவன் இருக்கிற இடம் தெரியும் என்று சொல்லுங்க," என்றான். பிறகு, கவுண்டரில் பதினொரு வருஷம் சொன்ன பழக்கத்தில், "வீழ் வழ்கின் ஒன் இட்" என்றும் சேர்த்தான்.

போனை வைத்த பிறகு ரிப்கா சிரித்தாள். பிறகு தகப்பனின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"நீங்க பொய் சொல்லல்லியே வாப்பா. இருந்ததைத்தானே சொன்னீங்க."

"ஓம்," என்றான். "மிச்சத்தச் சொல்லல்ல."

ஆச்சிப்பிள்ளைக்குச் செய்தி போனது. அடுத்த கிழமையே அவள் மகனோடு போனில் கதைத்தாள். கதைத்தது என்று சொல்லமுடியாது, பத்து நிமிஷத்தில் எட்டு நிமிஷம் அழுதாள். முனாஸின் கடைக்கு ஒரு கூடை வெள்ளரிக்காய் வந்தது. சந்தையில் கதை பரவியது. அமெரிக்கன் ஒரு போன் கோலில் ஆளைக் கண்டுபிடித்தான் என்று அசனார் வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னான். வவுணதீவிலிருந்து ஒரு குடும்பமும் வாழைச்சேனையிலிருந்து ஒரு குடும்பமும் தங்கள் பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொண்டு வந்தார்கள். முனாஸ் அவர்களுக்காகவும் கதைத்தான். ஆர்மியா என்று வேறு யாரும் கேட்கவில்லை.

பிரதீஸ் திரும்பி வந்தது கார்த்திகையில். அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி, விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வந்து மூன்றாம் கிழமை ஒரு முற்பகலில், தாய் கொடுத்துவிட்ட பூசணிக்காயோடு கடைக்கு வந்தான். இருபத்தைந்து வயது, மெலிந்து போயிருந்தான். காலில் புதுச் செருப்பு.

"அம்மா தந்திச்சி நானா," என்று, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற மாதிரி அழைத்து, பூசணியை மேசையில் வைத்தான். பிறகு தயங்கினான். "அந்த ஆமிக்காரர்ட நம்பர் இரிக்கா? ஒரு தாங்ஸ் சொல்லணும்."

"எந்த ஆமிக்காரர்?"

"எனக்காகக் கோல் பண்ணினவர். ஒங்களோட குவைத்ல வேலை செய்தவர்தானே."

முனாஸ் கையிலிருந்த சேர்ட்டை மேசையில் விரித்தபடியே நின்றான். பிரதீஸ் சொல்லிக்கொண்டு போனான். சித்திரையில் ஒரு காலை, காவலர் ஒருவர் அவனுடைய கட்டிலுக்கே வந்து, உனக்காக ஒரு ஆர்மி அமெரிக்கர் கோல் எடுத்தார், உன் விஷயத்தை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம் என்று சொன்னாராம். கூட இருந்தவர்கள் எல்லாம் அன்றிலிருந்து அவனை மரியாதையாகப் பார்த்தார்களாம். அம்மாவிடம் போனில், அந்த அமெரிக்கன் ஆர் என்று கேட்டபோது, அது நம்மட ஏறாவூர் முனாஸ் தம்பியால வந்த உதவி எண்டு அவ சொன்னாவாம். முனாஸ் நானா குவைத்தில் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பிடித்துத் தந்திருக்கிறார் என்று அவன் எடுத்துக்கொண்டான். அம்மாவோ சந்தையில் எல்லோரும் முனாஸையே அமெரிக்கன் என்று சொல்லுவதால், அமெரிக்கன் என்ன செய்றார் என்று மகன் கேட்கும்போதெல்லாம், "அவர் சுகமா இரிக்காரு, உன்ட விஷயத்த விசாரிச்சிக்கிட்டுத்தான் இரிக்காரு" என்று சொல்லியிருக்கிறாள்.

"ஆனிலயே நீதவான் ஏலாது எண்டிட்டார். அப்பவே சைன் வெச்சா ஊருக்கு அனுப்பிருவம் எண்டாங்க. எல்லாரும் வெச்சாங்க. நான் வெக்கல்ல. எனக்கு ஆள் இரிக்கு, அவர் பாத்துக்கிட்டிருக்காரு எண்டு சொன்னன்."

"எவ்வளவு நாள்?"

"அஞ்சு மாசம் கூட இருந்தன். பொறகு ஒரு ஹொண்டூரஸ்காரன் சொன்னான், டேய் அப்பிடி ஒராளும் வர மாட்டான் எண்டு. அதுக்குப் பொறகுதான் வெச்ச."

முனாஸ் அயனின் பிளக்கைக் கழற்றினான்.

"அது நான்தான் மனே," என்றான்.

பிரதீஸுக்கு விளங்கவில்லை. முனாஸ் எழுத்துக்கூட்டியதையும், அந்த மனிதர் கேட்ட கேள்வியையும், தான் சொன்னதையும் சொன்னான். பொடியன் நம்பாதவன் மாதிரிப் பார்த்தான். அப்போது முனாஸ் அந்த வசனத்தை, அன்றைக்குப் போனில் சொன்ன மாதிரியே சொன்னான். பிரதீஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னொருக்காச் சொல்லுங்க நானா."

சொன்னான்.

"அந்தக் காவல்காரன் சொன்னதும் இப்பிடித்தான்," என்றான் பிரதீஸ். பிறகு போய்ட்டு வாறன் என்றும் சொல்லாமல் இறங்கிப் போனான்.

முனாஸ் அன்று கடையைப் பகலிலேயே பூட்டினான். சபீனாவிடம் சொன்னான். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த நேரம் நீங்க லோன்றிக்காரன் எண்டு சொல்லியிருந்தா அவன் வெச்சிருப்பான், இந்தப் பொடியன் இருக்கிற இடமும் தெரிஞ்சிரிக்காது" என்றாள். அது சரிதான். முனாஸுக்கு உறுத்தியது அது இல்லை. தாய்க்கு இலக்கம் கிடைத்த பிறகு, அவன் அந்தக் கதையைச் சொல்லியிருக்கலாம். ஆச்சிப்பிள்ளை கடை வாசலுக்கு வந்தபோது சொல்லியிருக்கலாம், அவள் மகனுக்குச் சொல்லியிருப்பாள். நன்றி என்று அந்த மனிதர் சொன்ன சொல் அவனுக்குள் இனித்துக்கொண்டு கிடந்தது. அதனால்தான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ரிப்காவுக்கு மட்டும் தெரியும், அவளும் அதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தாள்.

பாவத்துக்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கலாம். ஒரு மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதனிடம்தான் மாப்புக் கேட்கவேண்டும். அது மத்ரஸாவில் படித்தது. இரண்டு கிழமை கழித்து வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, முனாஸ் மோட்டார் சைக்கிளில் கிரானுக்குப் போனான். பிரதீஸ் வீட்டில் இல்லை, வட்டையில் என்றார் கோணாமலை. மழைக்குப் பிறகு பாதை சேறு. மோட்டார் சைக்கிளை வாய்க்கால் கரையில் நிறுத்திவிட்டு நடந்தான். பிரதீஸ் தகப்பனின் வயலில் உரம் வீசிக்கொண்டு நின்றான். கண்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு வரம்புக்கு வந்தான்.

"மாப்புக் கேக்க வந்த மனே. அஞ்சு மாசம் சின்ன விஷயம் இல்ல."

பிரதீஸ் கையை வாய்க்காலில் கழுவினான்.

"முதல்ல கோபம் வந்திச்சி நானா. அம்மாவோடயும் ரெண்டு நாள் கதைக்கல்ல. பொறகு யோசிச்சன், நீங்க அந்த கோல எடுக்காட்டி நான் ஆருமில்லாத ஆளாத்தான் கிடந்திருப்பன்." கையைச் சாரத்தில் துடைத்தான். "ஆனா அஞ்சு மாசம் அஞ்சு மாசம்தான். அதையும் இல்லையெண்டு சொல்ல ஏலாது."

"ஓம்."

"இன்னும் ஆக்களுக்கு எடுக்கிறீங்களாமே."

"ரெண்டு குடும்பத்துக்கு எடுத்த."

"எடுங்க. ஆரு எண்டு சொல்லிப்போட்டு எடுங்க. உள்ளுக்குக் கிடக்கிறவனுக்கும் ஆரு எண்டு சொல்லி அனுப்புங்க. அவன் அதைக் கணக்குப் பண்ணித்தான் முடிவெடுப்பான்."

முனாஸ் தலையை ஆட்டினான். பிரதீஸ் தடுப்பு நிலையத்தில் கொடுக்கிற சோற்றைப் பற்றிச் சொன்னான். குவைத் முகாமில் கொடுத்த சோறும் அப்படித்தான் என்றான் முனாஸ். பிறகு மழை வருவதற்குள் உரத்தை வீசவேண்டும் என்று பொடியன் இறங்கிப் போனான்.

அடுத்த வருஷம் பிரதீஸ் மாலைதீவில் ஒரு ஹோட்டலுக்கு வேலைக்குப் போனான். ஆச்சிப்பிள்ளை பழையபடி சந்தைக்கு வருகிறாள். மகன் அவளிடம் எவ்வளவு சொன்னான் என்பது முனாஸுக்குத் தெரியாது, அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மழை வந்தால் கூடையை அங்கேதான் ஒதுக்குகிறாள்.

தேடி வருகிற குடும்பங்களும் நிற்கவில்லை. மாதத்தில் ஒன்று இரண்டு வரும். முனாஸ் ரிப்காவிடம் ஒரு வசனம் எழுதித் தரச் சொன்னான். நான் இலங்கையிலிருந்து கதைக்கிறேன், நான் அமெரிக்கனும் இல்லை, வழக்கறிஞனும் இல்லை, ஒரு தாய்க்காகக் கேட்கிறேன் என்று அவள் எழுதினாள். இலக்கணம் சரியாக இருந்தது, ஆனால் வாயில் நிற்கவில்லை. இரண்டு பேரும் இருந்து அதைத் திருத்தினார்கள். அவள் ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தாள், அவன் 'எயின்ட்' என்பதை விட்டுக்கொடுத்தான். அவன் அதைத் தமிழில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறான்.

போனை எடுத்ததும் முதலில் அதைச் சொல்லுகிறான். அதையும் அதே உச்சரிப்பில்தான் சொல்லுகிறான், வேறு உச்சரிப்பு அவனுக்குத் தெரியாது. சிலர் பகிடி விடுகிறான் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். சிலர் வைத்துவிடுகிறார்கள். சிலர், சரி, பெயரைச் சொல்லுங்கள் என்கிறார்கள்.